மொய்க் கணக்குக்கு எதுக்குங்க வாடகை?

நம்ம பக்கம் இப்ப பாதி வீட்டுல லேப்டாப் வந்துடுச்சு. பிள்ளை காலேஜ் சேருதுன்னா கடன உடன வாங்கியாவது ஒண்ணு எடுத்துக் கொடுத்துடுறோம். வாங்கி ஒரு மாசம் ஆனதும் திரையில ஒரு கட்டம் வந்து நிக்கும். இலவச காலம் முடியப் போவுது, வேர்டு எக்ஸெல் தொடர்ந்து வேணும்னா சந்தா கட்டுன்னு. "அண்ணே, இதக் கட்டணுமா, கட்டலன்னா என்ன ஆவும்?" அப்படின்னு என்னைக் கேக்குறவங்க கூடிக்கிட்டே போறாங்க. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடுறேன்.

என் பதில் ஒரே வரிதான். வீட்டு உபயோகத்துக்குக் கட்டாதீங்க.

ஏன்னு வரிசையா சொல்றேன். ஒத்துக்கிட்டா ஒத்துக்குங்க, இல்லன்னா கீழ வந்து சண்டை போடுங்க.

முதல்ல காசு

முன்னாடி ஆபீஸுன்னா ஒரு சிடி. ஒரு தடவை காசு கொடுத்தா அந்த கம்ப்யூட்டர் ஓடுற வரைக்கும் ஓடும். 2011-ல மைக்ரோசாஃப்ட் கம்பெனி 'ஆபீஸ் 365'ன்னு சந்தா முறையைக் கொண்டாந்தது. 2013-ல அதை வீடுகளுக்கும் கொண்டாந்தது. 2020-ல 'மைக்ரோசாஃப்ட் 365'ன்னு பேரை மாத்துனது. ஒருத்தருக்கான சந்தா நம்ம நாட்டுல வருஷத்துக்கு 4,899 ரூபாயா இருந்தது. 2025 தொடக்கத்துல அது 6,899 ஆயிடுச்சு. ஆறு பேர் வரைக்கும் பகிர்ந்துக்குற குடும்பச் சந்தா 6,199-லேர்ந்து 8,199 ஆச்சு. ஒரே வீச்சுல ரெண்டாயிரம்.

எதுக்கு ஏத்துனீங்கன்னா, 'கோபைலட்'னு செயற்கை நுண்ணறிவு சேர்த்துருக்கோம்ங்கிறாங்க. நாம கேட்டோமா? நெல்லு அறுக்க மெஷினக் கூப்புட்டா, கூடவே வைக்கோல் கட்டுற மெஷினையும் வரப்புல கொண்டாந்து நிறுத்திட்டு, "ரெண்டுக்கும் சேர்த்து வாடகை எடுங்க"ன்னு சொன்னா நாம சும்மா இருப்போமா? களத்துலயே பஞ்சாயத்து நடந்துடும்.

ஆஸ்திரேலியாவுல அந்தப் பஞ்சாயத்து நடந்துச்சு. அங்க நுகர்வோருக்காக இருக்குற அரசு ஆணையம் 2025 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் மேல வழக்குப் போட்டது. கோபைலட் இல்லாம பழைய விலைக்கே 'கிளாசிக்'னு ஒரு சந்தா இருந்திருக்கு. அதை முன்கூட்டியே சொல்லல, சந்தாவை நிறுத்துறேன்னு போறவனுக்கு மட்டும் கண்ணுல காட்டுனாங்க, இப்படி ஏறக்குறைய 27 லட்சம் பேரைத் தவறா வழி நடத்துனாங்க, இதுதான் ஆணையத்தோட குற்றச்சாட்டு. அப்புறம் கம்பெனி அங்க உள்ள சந்தாதாரர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பிச்சு, பணத்தைத் திருப்பித் தர்றோம்னும் சொல்லிச்சு. அந்த ஊரு ஆளு படிச்சவன், விவரமானவன்னு நாம நினைக்கிறோம். அவனுக்கே அந்த நிலைமைன்னா நம்ம நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

இனிமே ஒரு பைசா ஏத்த மாட்டாங்கன்னே வச்சுக்குவோம். பத்து வருஷத்துக்கு 68,990 ரூபாய். ஒரு நல்ல கறவை மாட்டு விலை. மாடாவது பால் கொடுக்கும், கன்னு போடும், சாணி போடும். பத்து வருஷம் சந்தா கட்டுனவன் கையில பதினோராவது வருஷம் என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது.

வாடகை தப்பில்ல, எதுக்கு வாடகைங்கிறதுதான் கேள்வி

"அறுப்பு மெஷினை வாடகைக்குத்தானே எடுக்குறீங்க, சாஃப்ட்வேரை எடுத்தா மட்டும் என்ன?" அப்படின்னு ஒரு தம்பி கேட்டாரு. நியாயமான கேள்வி.

செயின் மெஷின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. வருஷத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான் நம்ம வயல்ல அதுக்கு வேலை. அதனால மணிக்கணக்குல வாடகை பேசுறோம். எத்தனை மணி ஓடுச்சோ அத்தனை மணிக்குக் காசு. அறுப்பு முடிஞ்சா மெஷின் அடுத்த வயலுக்குப் போயிடும், நெல்லு நம்ம களத்துலயே இருக்கும். அரசாங்கத்து வேளாண் பொறியியல் துறைகிட்ட டிராக்டர் எடுத்தாலும் மணிக்கணக்குதான். இது யாருக்கும் நஷ்டமில்லாத வாடகை.

சாஃப்ட்வேர் சந்தா அந்தக் கணக்குல வராது. அறுப்பு இருக்கோ இல்லையோ, மெஷின் கொட்டகையில தூங்குனாலும் பன்னெண்டு மாசத்துக்கும் வாடகைய எண்ணி வைக்கணும். போன வருஷம் உங்க வீட்டுல எக்ஸெல்லை எத்தனை நாள் திறந்தீங்க? விரல் விட்டு எண்ணிச் சொல்லுங்க. பத்து நாள்னு வச்சுக்குங்க, நாளைக்கு 690 ரூபாய் ஆவுது. அதுக்கு டவுன்ல டைப்பிங் சென்டருக்கே போயிட்டு வந்துடலாம், பஸ் காசும் டீக் காசும் போக மிச்சம் இருக்கும்.

வீட்டுல நாம செய்யுற வேலைதான் என்ன? கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு மனு. பிள்ளைக்கு ஒரு பயோடேட்டா, காலேஜுல ஒரு புராஜெக்ட். சாகுபடிச் செலவுக் கணக்கு: நடவாள் கூலி, உரம், மருந்து, அறுப்புக் கூலி, கொள்முதல் நிலையத்துல எத்தனை சிப்பம் போட்டோம். தேங்காய் வெட்டுக் கணக்கு. அப்புறம் கல்யாணம் காதுகுத்துக்கு அழைப்பு லிஸ்ட்டு, மொய்க் கணக்கு. எல்லாத்துக்கும் வேண்டியது கூட்டல், கழித்தல், பேர் வரிசையா அடுக்குறது, பிரிண்ட் எடுக்குறது. அம்புட்டுதான். இதுக்கு ஏழாயிரம் ரூபாய் உழவு எதுக்கு?

இனிமேதான் பெரிய விஷயம்

மேல சொன்ன லிஸ்ட்டுல கடைசியா ஒண்ணு சொன்னேன் பாருங்க, மொய்க் கணக்கு. என் வாதம் முழுக்க அதுலதான் நிக்குது.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்து பத்தி வெளியூர் ஆளுங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆடி பிறந்தா பந்தல், கெடா வெட்டு, இலைக்குப் பக்கத்துலயே மொய் எழுதுற மேசை. இப்ப மேசையில நோட்டுக்குப் பதிலா லேப்டாப்பும் பிரிண்டரும் வச்சு, மொய் போட்டவுடனே ரசீது கிழிச்சுக் கொடுக்குறாங்க. நல்ல மாற்றம்தான், நான் குறை சொல்லல.

ஆனா மொய் நோட்டோட ஆயுசு எவ்வளவு? இன்னைக்கு ஒருத்தர் நமக்குப் போட்ட மொய்யை அஞ்சு வருஷம் கழிச்சுச் செய்யலாம், இருபது வருஷம் கழிச்சு அவரு பேத்தி கல்யாணத்துலயும் செய்யலாம். எங்க அப்பா எழுதின நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு. நூல் பிரிஞ்சு, ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு, ஆனா பேரும் தொகையும் பளிச்சுன்னு தெரியுது. அதைத் திறக்க யாருக்கும் நான் சந்தா கட்டல. யாரும் ஒரு நாள் வந்து, "உங்க சந்தா முடிஞ்சிடுச்சு, இனிமே இந்த நோட்டைப் பார்க்கலாம், எழுத முடியாது"ன்னு சொல்லல.

சந்தா ஆபீஸ்ல அதைத்தான் சொல்றாங்க. சந்தா முடிஞ்ச பிறகு ஃபைலைத் திறக்கலாம், பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். திருத்தவோ புதுசா ஒண்ணு எழுதவோ முடியாது. ஒன்டிரைவ்ங்கிற அவங்க மேகக் கிடங்குல சந்தாதாரருக்கு 1 டிபி இடம் உண்டு. சந்தா போனா அது 5 ஜிபியா சுருங்கிடும். அதுக்கு மேல வச்சிருந்தா புதுசா எதையும் சேர்க்க முடியாது, ரொம்ப நாள் அப்படியே விட்டா அழிச்சிடவும் அவங்களுக்கு உரிமை உண்டுன்னு விதியிலயே இருக்கு. இதுல இன்னொரு சூட்சுமம். புது லேப்டாப்புல நீங்க 'சேவ்' கொடுத்தா அது முதல்ல காட்டுற இடமே ஒன்டிரைவ்தான். பிள்ளைங்க கவனிக்காம அங்கேயே சேர்த்துக்கிட்டு வரும். நம்ம நெல்லை நம்ம குதிருல கொட்டுறதா நினைச்சுக்கிட்டு அடுத்தவன் குடோன்ல கொட்டிக்கிட்டு இருப்போம். சாவி அவன்கிட்ட.

எழுத்து எங்க, எதுல இருக்குங்கிறதைக் கவனிக்காட்டி என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே பாடம் இருக்குங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி டைப்பிங் சென்டர்ல பாமினி, வானவில்னு ஆளுக்கொரு எழுத்துருவுல அடிச்சுக் கொடுத்தாங்க. அந்த ஃபைலை இன்னைக்குத் திறங்க. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமா கிறுக்கித் தள்ளும். 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடுன்னு ஒரு பொது முறையை அறிவிச்ச பிறகுதான் இந்தத் தொல்லை கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. எல்லாருக்கும் பொதுவா இருக்குற முறையில எழுதுனாத்தான் எழுத்து நிலைக்கும். ஒருத்தன் கையை நம்பி எழுதுனா, அவன் கையை எடுத்த அன்னைக்கு நம்ம எழுத்தும் போயிடும்.

சரி, கட்டாட்டி என்ன பண்றது?

லிப்ரே ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு. முழுக்க இலவசம். ஜெர்மனியில ஸ்டார் ஆபீஸ்னு பொறந்த சாஃப்ட்வேர். 1999-ல சன் கம்பெனி வாங்குனது, அடுத்த வருஷமே அதோட மூல நிரலை ஊருக்குப் பொதுவாக்கி, 'ஓப்பன் ஆபீஸ்'னு பேர் வச்சாங்க. 2010-ல அதுலேர்ந்து பிரிஞ்சு வந்தது லிப்ரே ஆபீஸ். வேர்டுக்கு 'ரைட்டர்', எக்ஸெல்லுக்கு 'கால்க்', பவர்பாயிண்டுக்கு 'இம்ப்ரெஸ்'. மெனு எல்லாத்தையும் தமிழ்லயே வச்சுக்கலாம். வேர்டு, எக்ஸெல் ஃபைலை அப்படியே திறக்கும், அப்படியே சேமிக்கவும் செய்யும். இன்டர்நெட் இல்லாம ஓடும். சந்தா ஆபீஸ் நீங்க காசு கட்டியிருக்கீங்களான்னு பார்க்க மாசம் ஒரு தடவையாவது நெட்டோட பேசியாகணும். இதுக்கு அந்தக் கவலை கிடையாது. தமிழ் அடிக்கத் தனியா எதுவும் வாங்க வேண்டாம், விண்டோஸ்லயே தமிழ்99 விசைப்பலகை இருக்கு.

குறையே இல்லையான்னா, இருக்கு. படம், கட்டம், அலங்காரம்னு நிறைய போட்ட வேர்டு ஃபைலைத் திறந்தா இடம் மாறி நிக்கும். எக்ஸெல்ல மேக்ரோ எழுதி வச்சிருந்தா எல்லாமே ஓடாது. அதனால வெளிய அனுப்புற பயோடேட்டா, மனு எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. எந்தக் கம்ப்யூட்டர்லயும் எந்தப் போன்லயும் ஒரே மாதிரி தெரியும்.

"இலவசமா கொடுக்குறதுல தரம் இருக்குமா?"ன்னு ஒரு சந்தேகம் நம்மாளுங்களுக்கு எப்பவும் உண்டு. கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க பல வருஷமா லினக்ஸ்லயும் இந்த மாதிரி இலவச ஆபீஸ்லயும்தான் படிக்குது. ஜெர்மனியில ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன்னு ஒரு மாநிலம், 30,000 அரசு கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாத்தப் போறதா 2024-ல அறிவிச்சுது. அவ்வளவு தூரம் ஏன் போகணும், 2011-லேர்ந்து நம்ம அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்புல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. அது சென்னையில சி-டாக் நிறுவனத்துல உருவானது. நம்ம பிள்ளைங்க எத்தனை பேரு அதைத் திறந்து பார்த்துச்சு? சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்ல.

விவசாயிக்கு இந்த விஷயம் சுலபமா புரியணும். வீரிய ரக விதைக்கு வருஷா வருஷம் கடைக்குப் போகணும், விளைஞ்சதுலேர்ந்து எடுத்து விதைச்சா அதே மாதிரி வராது. நாட்டு விதைன்னா எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். 2001-ல வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே விவசாயிக்கு அந்த உரிமை உண்டுன்னு சொல்லுது. நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்துனப்ப, ரெண்டு கிலோ விதை வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கொடுக்கணும்னு வச்சிருந்தாரு. அப்படித்தான் அத்தனை பாரம்பரிய ரகமும் திரும்ப வயலுக்கு வந்துச்சு. இலவச சாஃப்ட்வேர் நாட்டு விதை மாதிரி. எடுத்துக்கலாம், பெருக்கலாம், பங்காளிக்குக் கொடுக்கலாம். அதை விட்டுட்டு வருஷா வருஷம் கடை வாசல்ல நிக்கிறதுல என்ன பெருமை?

சொல்ற சாக்கும் என் பதிலும்

"எக்ஸெல் தெரியலன்னா பிள்ளைக்கு வேலை கிடைக்காது." எக்ஸெல் தெரியணும், சரி. கூட்டுற சூத்திரம், வடிகட்டுறது, வரிசைப்படுத்துறது எல்லாம் கால்க்ல பழகுனா அங்கயும் அதே கைதான். டிராக்டர் கம்பெனி மாறுனா உழவு மறந்துடுமா? எக்ஸெல்தான் வேணும்னாலும் மைக்ரோசாஃப்டோட வலைத்தளத்துல ஒரு கணக்குத் தொடங்குனா வேர்டும் எக்ஸெல்லும் பிரவுசர்ல இலவசமாவே ஓடும். அதோட நிறைய காலேஜுல மாணவர் மெயில் ஐடிக்கு ஆபீஸை இலவசமாவே கொடுக்குறாங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி காலேஜுல ஒரு வார்த்தை கேளுங்க.

"கடைக்காரரு ஐநூறு ரூபாய்க்கு லைஃப்டைம் போட்டுத் தர்றேங்கிறாரு." இது திருட்டுத் தண்ணி. போட்டுக் கொடுக்கும்போது வைரஸ் தடுப்பை அணைச்சு வைங்கன்னு சொன்னாருன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க. அதே லேப்டாப்புலதான் பேங்க் கணக்கும் பார்க்குறோம். சும்மா கிடைக்கிற நல்ல பொருள் பக்கத்துலயே இருக்கும்போது திருட்டுப் பொருளுக்கு எதுக்கு ஐநூறு?

"ஒரே தடவை காசு கட்டுறது இப்ப இல்லையே?" இருக்கு. ஆபீஸ் 2024-ன்னு ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே தடவை வாங்குறது இன்னும் விக்கிறாங்க. விளம்பரத்துல அதை முன்னாடி வைக்க மாட்டாங்க, தேடித்தான் எடுக்கணும். வேர்டுதான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க அதை வாங்குங்க.

"போட்டோ வைக்க 1 டிபி தர்றாங்களே?" போட்டோதான் வேணும்னா போட்டோவுக்கு மட்டும் வழி பாருங்க. 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒரு தடவை வாங்குனா பீரோவுல இருக்கும். ரெண்டு வாங்கி ஒண்ணைத் தங்கச்சி வீட்டுல வச்சா இன்னும் நல்லது.

யாரு கட்டலாம்னும் சொல்லிடுறேன். டைப்பிங் சென்டர் வச்சிருக்கவங்க, ஆடிட்டர் வேலை பார்க்குறவங்க, ஆபீஸ் ஃபைலை வீட்டுல வச்சு வேலை செய்யுறவங்க. அவங்களுக்கு அது தொழில் கருவி, அந்தக் காசை அதுலயே எடுத்துடுவாங்க. ஆறு பேரும் நெசமாவே பயன்படுத்துற குடும்பம்னா ஆளுக்கு 1,367 ரூபாய்தான் வரும், அதுவும் சரி. ஆனா ஆறு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லிட்டுக் கட்டுங்க. ஒருத்தன் பயன்படுத்தி அஞ்சு பேரு பேரை எழுதி வைக்கிறதுதான் நம்ம ஊர் வழக்கம்.

ஏற்கெனவே கட்டிக்கிட்டு இருக்கவங்க ஒரு வேலை செய்யுங்க. போன்ல யுபிஐ செயலியைத் திறந்து 'ஆட்டோபே'ன்னு இருக்குற இடத்தைப் பாருங்க. எந்தெந்தக் கம்பெனிக்கு நீங்களா எடுத்துக்கன்னு சம்மதம் கொடுத்திருக்கீங்கன்னு வரிசையா காட்டும். ரிசர்வ் பேங்க் விதிப்படி பணம் எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் அனுப்பணும். அந்த மெசேஜை விளம்பரம்னு நினைச்சுத் தள்ளி விடாதீங்க. ஆனா ஒண்ணு, சந்தாவை ரத்து பண்றதுக்கு முன்னாடி ஒன்டிரைவ்ல இருக்குற ஃபைல் அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிடுங்க. நெல்லை வீட்டுக்குக் கொண்டாந்துட்டுத்தான் குடோனைக் காலி பண்ணணும்.

இலவசம்னு சொன்னாலும் லிப்ரே ஆபீஸை யாரோ நாலு பேரு உழைச்சுத்தான் எழுதுறாங்க, யாரோ உக்காந்து தமிழ்ல மாத்துறாங்க. அவங்க நன்கொடை வாங்குறாங்க. முடிஞ்சா ஒரு தடவை ஐநூறு கொடுங்க. அது விதை வாங்கிட்டுப் போனவன் திருப்பிக் கொடுக்குற நெல்லு. வாடகைக்கும் அதுக்கும் வித்தியாசம் உண்டு.

ஆடி வர்றதுக்குள்ள எல்லாரும் மொய்க் கணக்கை ஒரு தடவை இறக்கி, லிப்ரே ஆபீஸ்ல திறந்து, பேரும் தொகையும் சரியா வருதான்னு பாருங்க. ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்ல, ஒரு காப்பி பேப்பர்ல. பேப்பர் காப்பியை மறந்துடாதீங்க. திறக்கத் தெரியலன்னா லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வாங்க, உக்காந்து பார்ப்போம்.